சேலைக்கு ஒன்று, லுங்கிக்கு ஒன்று

நம் வயதில் யாராவது "வாங்க, ஆடலாம்" என்று கூப்பிட்டால் முதலில் முழங்கால்தான் பதில் சொல்கிறது. போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில், என்னைப் போலவே கல்ஃபில் வளர்ந்த உங்களில் நாலு பேரைப் பார்த்தேன். மேடைக்கு இழுக்க வந்த சின்னப் பெண்களிடம் ஒருவர் முதுகுவலி என்றார், ஒருவர் பிரஷர் என்றார், ஒருவர் பதிலே சொல்லாமல் ஐஸ்கிரீம் பக்கம் போய்விட்டார். நானும் அவர் பின்னாலேயே போனேன், குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, என் அம்மா ஒரு காலத்தில் எண்பது பேரை வரிசையில் நிறுத்தி ஆட்டிவைத்தவள் என்று உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. பாட்டுச் சத்தத்தில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அப்போது ஓமானின் சலாலாவில் இருந்தோம். துபாயில் வளர்ந்தவர்களும் குவைத்தில் வளர்ந்தவர்களும் வெயிலைப் பற்றிப் பெருமையடிக்கும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். கல்ஃப் முழுக்க வெந்துகொண்டிருக்கும் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை எங்கள் ஊரில் மூடுபனியும் தூறலும்தான். மலையெல்லாம் பச்சையாகிவிடும். அந்தத் தூறலில் நனைவதற்கென்றே மற்ற ஊர் அரபுக் குடும்பங்கள் ஆயிரம் கிலோமீட்டர் காரோட்டி வந்து, பாய் விரித்து, பிளாஸ்கைத் திறந்து, ஆனந்தமாக உட்கார்ந்திருப்பார்கள். நம் ஆட்கள் அதே தூறலில் தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுவார்கள். துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. சாம்பிராணிப் புகையில் காட்டி உலர்த்திய யூனிஃபார்மோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

எனக்குப் பத்து வயதான அந்த மழைக்காலத்தில் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் சித்தியின் கல்யாணம். அம்மாவின் ஒரே தங்கைக்கு ஜூலை முதல் வாரம் கரூரில் முகூர்த்தம். துறைமுக வேலையில் சூப்பர்வைசராக இருந்த அப்பா, கம்பெனியில் லீவு கேட்டு, லீவோடுதான் கிடைக்கும் குடும்ப டிக்கெட்டை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்து, பெட்டியை இறக்கி, எனக்குக் கொலுசெல்லாம் வாங்கிவிட்டாள். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் அப்பா சாப்பிட்டுக் கை கழுவியபடியே, சுவரைப் பார்த்து, "லீவுக்கு எழுதிக் கொடுக்க மறந்துட்டேன்," என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஐம்பது நாள் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான் போனது.

"கண்ணு, அப்பாகிட்டச் சொல்லு, சோறு எடுத்து வெச்சிருக்கேன்னு."

அப்பா இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார். நான் அவர் பக்கம் திரும்பி, "சோறு எடுத்து வெச்சிருக்காங்களாம்," என்பேன். "ரசம் இருக்கான்னு கேளு," என்பார் அவர். அம்மா ரசத்தை நகர்த்துவாள். முதல் வாரம் எனக்கு இது பெரிய பதவி உயர்வாகத் தெரிந்தது. இரண்டாவது வாரம் சொந்தச் சரக்கையும் சேர்க்க ஆரம்பித்தேன். "எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தரணுமாம்" என்று அப்பாவிடம் சொன்னேன், வாங்கிவிட்டார். அம்மா சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவரிடம் கேட்க வேண்டும்.

மூன்றாவது வாரம் அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "ஸ்கூல் தொறந்ததும் உனக்கு டி.சி. வாங்கிடலாம். நாம ரெண்டு பேரும் கரூருக்கே போயிடலாம்," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். காய்கறி வாங்க வேண்டும் என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். அன்றிலிருந்து நான் செய்திகளில் சொந்தச் சரக்கு சேர்ப்பதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் தலைக்கு மேல் அமெரிக்கக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. வாராவாரம் வியாழக்கிழமை சாயங்காலம் அங்கே தடதடவென்று சத்தம் கேட்கும். பேச்சு நின்ற முதல் வாரமே ஒரு வியாழன் எங்கள் மின்விசிறி ஆட ஆரம்பித்ததும் அம்மா சண்டை போடுவதற்காக என்னையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். கதவைத் திறந்தால், கூடத்தில் சோஃபாவையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டுப் பன்னிரண்டு பேர் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். பிலிப்பைன்ஸ் நர்ஸுகள், ஆங்கிலேயர்கள், ஒரு பல் டாக்டர். முன்னால் மாடி வீட்டு ஆன்ட்டி நின்று, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாட்டின் தாளத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குக் காண்ட்ரா டான்ஸ் என்று பெயராம். ஆடுகிறவர்கள் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், சொல்கிறவர் சொன்னதை அப்படியே செய்தால் போதும் என்று ஆன்ட்டி விளக்கினார். கேட்டவுடனே அம்மாவுக்கு அது பிடித்துப்போனது.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம் கணக்கு டீச்சர். இரண்டு ஜோடி சேர்ந்து நாலு பேராகச் சுற்றுவதையும், சுற்றி முடித்ததும் ஒவ்வொரு ஜோடியும் ஓரிடம் நகர்ந்து அடுத்த ஜோடியைச் சந்திப்பதையும், வரிசையின் கடைசிக்குப் போனவர்கள் ஒரு முறை சும்மா நின்று திரும்பி வருவதையும் பார்த்துவிட்டு, "இது கணக்குதான்," என்றாள். அடுத்த வியாழன் அவளே ஆடினாள். அதற்கடுத்த வியாழன் ஒரு ஆங்கிலேயரிடம் அவர் எங்கே தப்பு செய்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆன்ட்டி ஆறு வார விடுமுறைக்கு அமெரிக்கா கிளம்பியபோது ஒரு பிஸ்கட் டப்பாவை அம்மா கையில் கொடுத்தார். உள்ளே ஐம்பது அறுபது அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆட்டம் பென்சிலில் எழுதியிருந்தது. கூடவே ஒரு சிடி. "ஆட்டத்தை வீட்டிலிருந்தே முடிவு பண்ணிக்கொண்டு போகாதே," என்று ஆன்ட்டி சொல்லிக்கொடுத்தார். "வாசலில் நின்று வருகிறவர்களைப் பார். அப்புறம் அட்டையை எடு."

அம்மா பார்த்தாள். அவள் கண்ணில் பட்டது உடுப்பு.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துப் பெண்களுக்குத்தான் அவள் முதலில் நடத்தினாள். மழையால் எங்கேயும் போக முடியாமல் வீட்டில் அடைந்து கிடந்த இருபது பேர், அதில் பாதிப் பேர் பட்டுப்புடவையில் வந்துவிட்டார்கள். ஜோடியாகக் கைகோத்து வேகமாகச் சுழலும் ஆட்டம் ஒன்றை அம்மா எடுத்தாள். நாலாவது சுழற்சியில் ஒரு மாமியின் கொசுவம் எதிர் மாமியின் கொலுசில் மாட்டிக்கொண்டது. அந்த மாமி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆடி முடித்தார். அன்றிரவு அம்மா டப்பாவைக் கவிழ்த்து அட்டைகளைப் பிரித்தாள். சுழற்சி இல்லாமல் நடந்தே ஆடக்கூடியவை ஒரு ரப்பர் பேண்டில்: சேலைக் கட்டு. எகிறிக் குதிப்பதும் சுழல்வதும் உள்ளவை: பேன்ட் கட்டு.

அடுத்தது குடும்பங்கள். ஆண்களும் வந்ததும் சங்கச் செயலாளர் மாமா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எல்லாஞ் சரிம்மா. அடுத்தவன் பொண்டாட்டி கையை எப்படிம்மா பிடிக்கது? நாளைக்கு ஊருல தெரிஞ்சா என்ன சொல்லுவாக?"

அம்மா அதற்கும் வழி கண்டுபிடித்தாள். ஆளுக்கொரு ஈரிழைத் துண்டு. கையைப் பிடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் துண்டின் முனையைப் பிடித்தால் போதும். மாமாவே எழுந்து முதல் துண்டை வாங்கிக்கொண்டார். ஆணென்றும் பெண்ணென்றும் சொன்னால் பெண்களும் பெண்களும் ஜோடி சேரும்போது குழப்பம் வந்தது. அதனால் ஒரு வரிசைக்கு இட்லி, எதிர் வரிசைக்கு வடை. "இட்லியெல்லாம் உள்ளே வாங்க! வடையெல்லாம் சுத்தி வாங்க!" என்று அம்மா மைக்கில் கத்த, ஒரு வங்கி மேனேஜரும் இரண்டு டாக்டர்களும் பவ்யமாக உள்ளே வந்தார்கள்.

இடது வலதுதான் பெரிய தலைவலி. எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு இடது என்றால் லெஃப்டா ரைட்டா என்று மனதுக்குள் மொழிபெயர்க்க வேண்டும். பெரியவர்களுக்கு லெஃப்ட் என்றால் யோசிக்க வேண்டும். அதற்குள் தாளம் போய்விடும். அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்து, "சாப்பிடுற கை, வாட்ச் கை" என்று வைத்தாள். சாப்பிடும் கையில் யாருக்கும் சந்தேகம் வராது. வாட்ச் இன்னொரு கையில்தான் இருக்கும். அதற்கப்புறம் ஒரு ஆள்கூடத் தப்புச் செய்யவில்லை.

அப்பா இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டார் என்கிறீர்களா? எங்களைக் காரில் கொண்டுவந்து இறக்குவார். ஹாலில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து நாலு நாள் பழைய தமிழ்ப் பேப்பரைப் படிப்பார். முடிந்ததும் காரை எடுப்பார். "உங்கப்பாகிட்டச் சொல்லு, போகலாம்னு." "உங்கம்மாகிட்டச் சொல்லு, டப்பாவை மறந்துட்டாங்கன்னு."

ஆகஸ்டில், அப்பாவின் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கியிருந்த கேம்ப்பிலிருந்து அழைப்பு வந்தது. கேம்ப் சமையல்காரர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், வீட்டுக்கே வந்து வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"மேடம், நம்ம பயலுகளுக்கும் அதைச் சொல்லிக் குடுங்க. வெள்ளிக்கிழமையானா ரூம்ல படுத்துக்கிட்டு மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடக்கானுக. மழை வேற. ரெண்டு பேரு ஊரு நெனப்புல சாப்பிடவே மாட்டேங்குறானுக."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். "போகச் சொல்லு," என்றார் அப்பா.

கேம்ப் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது ஆண்கள், எல்லோரும் குளித்து, பவுடர் போட்டு, லுங்கியை மடித்துக் கட்டி நின்றார்கள். வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்த தங்க நிற வாட்சுகள் எல்லோர் கையிலும் மின்னின. அம்மா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டப்பாவைத் திறந்தாள். சுழலலாம், குதிக்கலாம், ஆனால் தூக்கிய கைகளின் வளைவுக்குள் குனிந்து நுழையும் ஆட்டம் மட்டும் வேண்டாம் என்று நாலைந்து அட்டைகளை நீக்கினாள். மூன்றாவது கட்டு உருவானது. லுங்கிக் கட்டு.

நான் பார்த்ததில் அவர்களைப் போல யாரும் ஆடியதில்லை. நாள் முழுக்கச் சேர்ந்து பாரம் தூக்குகிறவர்களுக்கு, பக்கத்து ஆள் எப்போது அடியெடுத்து வைப்பான் என்பது பார்க்காமலே தெரிந்திருந்தது. இரண்டு முறை சொன்னதும் அம்மா சொல்வதை நிறுத்திக்கொண்டாள். அவர்கள் தாமாகவே ஆடினார்கள். பாட்டு முடிந்தபோது சமையல்காரர், "அக்கா, கலாஸ், முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிடாதீங்க. யல்லா, இன்னொன்னு!" என்றார். மேடம் அக்காவானது அப்போதுதான். சாப்பிடாமல் கிடந்தவர்களில் ஒருவன் அன்றைக்கு மூன்று முறை பிரியாணி வாங்கினான் என்று அவர் பிறகு பெருமையாகச் சொன்னார்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தபோது சங்கம் ஒரு விழா வைத்தது. குடும்பங்களும் கேம்ப்காரர்களும் சேர்ந்து ஒரே வரிசையில் ஆடுவதாக ஏற்பாடு. எனக்கு விழாவெல்லாம் மனதில் ஒட்டவில்லை. அன்று காலை மேஜை மேல் அம்மா எழுதி வைத்திருந்த டி.சி. விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டேன். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. அதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப்போவதும் நான்தான்.

விழா நாளில் அம்மா வாசலில் ரொம்ப நேரம் நின்றாள். சேலையும் பேன்டும் லுங்கியும் கலந்து வந்துகொண்டிருந்தன. எந்தக் கட்டும் சரிப்படவில்லை. கடைசியில் மூன்று கட்டுகளிலிருந்தும் ஒவ்வொரு பகுதியாக எடுத்துப் புதிதாக ஒரு அட்டை எழுதினாள். முன்னே வந்து பின்னே போவது, பக்கத்து ஆளின் துண்டை வாட்ச் கையால் பிடித்து ஒரு சுற்று, ஜோடியின் துண்டைச் சாப்பிடும் கையால் பிடித்து ஒரு சுற்று, பிறகு நகர்வது. பாட்டில்லாமல் ஒரு முறை நடந்து பார்த்தார்கள். எண்பது பேரும் சரியாகச் செய்தார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரரின் ஜோடியான, கிரேனில் பாரம் கட்டும் ரிக்கருக்கு போன் வந்தது. கப்பல் சீக்கிரமே வந்துவிட்டது, உடனே டூட்டிக்கு வரச் சொல்கிறார்கள். ஒரு ஆள் குறைந்தால் வரிசையே நிற்காது. சமையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். நேராகக் கடைசி நாற்காலிக்குப் போனார்.

"சார், வாங்க சார். ஒரே ஒரு ரவுண்டு."

"எனக்குத் தெரியாதுப்பா."

"தெரிய வேணாம் சார். அக்கா சொல்றதச் செஞ்சாப் போதும்."

அப்பா பேப்பரை மடித்தார். சேஃப்டி ஷூவோடு வந்து, துண்டை வாங்கிக்கொண்டு, வடை வரிசையில் நின்றார். அம்மா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிடியைப் போடச் சொன்னாள்.

முன்னே, பின்னே. அது நன்றாகத்தான் போனது. "வாட்ச் கை, ஒரு சுத்து!" என்றாள் அம்மா. எழுபத்தொன்பது பேர் ஒரு பக்கமாகச் சுற்றினார்கள். அப்பா எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். துண்டின் மறுமுனையைப் பிடித்திருந்த செயலாளர் மாமாவின் கழுத்தை அது ஒரு சுற்றுச் சுற்றியது. "சாப்பிடுற கை, ஒரு சுத்து!" அப்பா மறுபடியும் அதே கையை நீட்டி, அதே பக்கமாகப் போனார். இந்த முறை அது சரியான பக்கம்தான். ஆனால் மாமாவையும் இழுத்துக்கொண்டு போனார். மாமா ஒரு டாக்டர் மேல் விழ, டாக்டர் ஒரு கொசுவத்தை மிதிக்க, வரிசை அங்கிருந்து கடைசி வரை சரிந்தது.

அப்பா பிறவியிலேயே இடக்கைக்காரர். எழுதுவது, சுத்தியல் பிடிப்பது எல்லாம் இடது கையில். சோற்றை மட்டும் வலது கையில் சாப்பிடச் சின்ன வயதில் அடித்துப் பழக்கியிருந்தார்கள். அதனால் வாட்சும் வலது கையில்தான். சாப்பிடும் கை, வாட்ச் கை, அவருக்கு இரண்டும் ஒரே கை. சலாலாவில் இருந்த அத்தனை தமிழர்களுக்கும் பொருந்தும்படி அம்மா யோசித்திருந்தாள். அந்த ஐம்பது நாளில் அவள் யோசித்த கைகளில் அவர் கை மட்டும் இல்லை.

அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. மைக் வாயருகிலேயே இருந்தது.

"ஏங்க! உங்களுக்கு இல்லீங்க! நீங்கதான் வாட்சை அந்தக் கையில கட்டுவீங்கல்ல! நீங்க மாத்திப் போடுங்க!"

ஹால் முழுக்க எதிரொலித்தது. அப்பா மேடைப் பக்கம் திரும்பினார். பிறகு, மைக் இல்லாமலே அதே அளவு சத்தத்தில், "அப்ப எனக்கு எந்தக் கைன்னு தனியாச் சொல்லணும்ல! எனக்கு யாரு சொன்னா?" என்றார்.

"கேக்கறதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?"

"நீதான் பேசறதில்லையே!"

பாட்டு நின்றுவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் சபையில் சண்டை போடுகிறார்கள் என்று எல்லோரும் பதறிப்போனார்கள். மாமா கழுத்தில் துண்டோடு, "விடுங்கம்மா, விடுங்க, நல்ல நாளும் அதுவுமா," என்று நடுவில் வந்தார். ஒரு மாமி என்னை இழுத்து அணைத்து, "பயப்படாதேடி செல்லம்," என்று ரோஸ்மில்க்கை வாயில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது உண்மைதான். அது எதனால் என்று அந்த மாமிக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான ரோஸ்மில்க்கை நான் குடித்ததில்லை.

அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அப்பாவின் வலது கையைப் பிடித்து வாட்சைக் கழற்றினாள், இடது கையில் கட்டினாள். துண்டெல்லாம் இல்லை, கையைத்தான் பிடித்தாள். "இப்ப எல்லாரையும் மாதிரிச் செய்யுங்க," என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனாள். சமையல்காரர் விசில் அடித்தார்.

திரும்பும்போது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. நான் பின்சீட்டில் பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

அப்பா ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "மறக்கலை."

"என்ன?"

"லீவு. மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் மூணு தடவையும் முடியாதுன்னுட்டான். கடைசித் தடவை எல்லார் முன்னாடியும் பேப்பரைத் தூக்கிப் போட்டான். உன்கிட்ட அதை எப்படிச் சொல்றது? மறந்துட்டேன்னா நீ திட்டிட்டு விட்டுருவேன்னு நெனச்சேன்."

எனக்கு முதல் வேலை கிடைத்து, முதல் லீவு மறுக்கப்பட்ட நாளில் நானும் வீட்டில் பொய்தான் சொன்னேன். அப்போதுதான் அவரைப் புரிந்துகொண்டேன். கெஞ்சி நின்றதைச் சொல்வதைவிட மறதிக்காரன் என்று பெயர் வாங்குவது எவ்வளவோ சுலபம்.

அம்மா வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்த மேனேஜரு ஆடுவானா?" என்று கேட்டாள்.

"மாடி வீட்டம்மா டான்ஸுக்கு அப்பப்ப வருவான்னு கேள்வி. ஏன்?"

"அந்தம்மா அடுத்த வாரம் வந்துருவாங்க. மொத நாள் என்னையே நடத்தச் சொல்லியிருக்காங்க."

கையைப் பின்னால் நீட்டி என் மடியிலிருந்து டப்பாவை வாங்கினாள். உள்விளக்கைப் போட்டு, பேன்ட் கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி, அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதில் சுழற்சி அதிகம் என்று தேடுகிறாள் என்பது எனக்கே தெரிந்தது.

அப்பாவும் ஓரக்கண்ணால் பார்த்தார். "பாவம், வயசான மனுசன். சுகர் வேற இருக்கு," என்றார்.

"உங்களை யாரு கேட்டா?" என்றாள் அம்மா, அவரிடமே.